கபம் சுரக்காத கபச்சுரப்பி

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ அறிவியலில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். இதயம் பற்றியும் நுரையீரல் பற்றியும் பேசுவோர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அளவில் ஒரு கொண்டைக்கடலை; எடையில் ஏறத்தாழ அரைக் கிராம். இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு தனி உரையா என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது எமக்குக் கேட்கிறது. சற்றே பொறுத்தருள்க.

மூக்கின் தண்டு நெற்றியைத் தொடும் இடத்திலிருந்து நேர் பின்னோக்கிச் சென்றால், மூளையின் அடியில், எலும்பைக் குடைந்தாற்போன்ற ஒரு சிறு குழி உண்டு. குதிரைச் சேணத்தின் வடிவில் இருப்பதால் உடற்கூற்றியலார் அதனைத் துருக்கியர் சேணம் என்பர். மூளையிலிருந்து மெல்லிய காம்பொன்றால் தொங்கிக்கொண்டு அக்குழிக்குள் அமர்ந்திருப்பதே நம் பொருள். பள்ளிப் பாடநூலில் அதற்குப் பிட்யூட்டரி சுரப்பி என்று பெயர். கலைச்சொல் ஆக்கியோர் அதனைக் கபச்சுரப்பி என்று தமிழாக்கினர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இப்பெயரே வழங்குகிறது. மூளையடிச் சுரப்பி என்பாரும் உளர்.

கபம் என்றால் சளி. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றையும் அறியாதார் நம் வீடுகளில் இல்லை. அப்படியாயின் இச்சுரப்பி சளியைச் சுரக்கிறதா? ஒரு துளியும் சுரப்பதில்லை. சளிக்கும் இதற்கும் எவ்வகை உறவும் கிடையாது. பின் இப்பெயர் எவ்வாறு வந்தது? அந்தக் கதை நமக்குத் தொலைவான கதை போலத் தோன்றும். கேட்கக் கேட்க நம் ஊர்க் கதையாகவே ஆகிவிடும்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோம் நகரில் கேலன் என்னும் பெரும் மருத்துவர் வாழ்ந்தார். இரத்தம், கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களால் உடல் இயங்குகிறது என்பது அக்காலத்து மேலைநாட்டு மருத்துவம். மூளை உயிராவியைத் தூய்மை செய்கிறது, தூய்மை செய்கையில் கழிவு எஞ்சுகிறது, அக்கழிவே கபம், அது புனல் போன்ற குழாய் வழியே இறங்கி, அடியிலுள்ள சுரப்பியில் வடிந்து, அண்ணத்துக்கும் மூக்குக்கும் வந்து சளியாக வெளிப்படுகிறது. இதுவே கேலனின் கொள்கை. இதைக் கேட்டு நகைத்தல் வேண்டா. மழையில் நனைந்த பிள்ளைக்கு ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்று நம் பாட்டிமார் இன்றும் கூறுகின்றனர். இரண்டும் ஒரே எண்ணந்தான்.

கேலன் அறுத்துப் பார்த்தவை மாடு, பன்றி, குரங்கு முதலிய விலங்குகள். மனித உடலை அறுக்க அவருக்கு வாய்ப்பில்லை. மாட்டின் மூளையடியில் இச்சுரப்பியைச் சூழ்ந்து இரத்த நாளங்கள் வலைபோலப் பின்னிக் கிடப்பதைக் கண்டு வியந்தவர், மனிதனுக்கும் அவ்வலை உண்டென்று எழுதிவைத்தார். மனிதனுக்கு அது இல்லை. ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ‘உண்டு’ என்றே மருத்துவர் கற்றனர், கற்பித்தனர்.

இது எங்ஙனம் கூடும்? ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் உடற்கூற்றியல் பாடம் நடந்த முறையைப் பாருங்கள். பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலை இலத்தீனில் வாசிப்பார். கீழே மேசையில் கிடத்திய உடலை நாவிதர் ஒருவர் அறுப்பார். அறுப்பவருக்குப் பெரும்பாலும் இலத்தீன் தெரியாது. வாசிப்பவர் கத்தியைத் தொடமாட்டார். நூலில் ஒன்று இருக்கும். மேசையில் வேறொன்று கிடக்கும். இரண்டையும் ஒருங்கே காணும் கண் அம்மண்டபத்தில் இராது. மாணவர் இருவர்க்கும் நடுவே நின்று, நூலையே நம்பி வீடு திரும்புவர்.

படுவா நகரப் பேராசிரியர் அந்திரேயாஸ் வெசேலியஸ் அந்த இருக்கையிலிருந்து இறங்கிவந்து, கத்தியைத் தம் கையிலேயே எடுத்தார். 1543-இல், தம் 28-ஆம் வயதில், அவர் வெளியிட்ட பெருநூல் உடற்கூற்றியலையே புரட்டிப் போட்டது. கேலன் சொன்ன நாள வலை மனிதனிடம் இல்லை என்று அவர் துணிந்து எழுதினார். ஆயினும் கபக் கொள்கையை மட்டும் அவரும் விடவில்லை. சுரப்பிக்கு அவர் இட்ட இலத்தீன் பெயரின் பொருள், மூளையின் கபத்தை ஏற்கும் சுரப்பி என்பது. இலத்தீனில் கபத்துக்குப் பிட்யூயிட்டா என்று பெயர். பிட்யூட்டரி பிறந்தது அங்கேதான். அத்துணைத் துணிவுடையவரே ஒரு பழம்பிழையைத் தம் கையால் முத்திரையிட்டு நமக்கு அனுப்பிவைத்தார் என்பது விந்தையன்றோ?

1660-ஐ ஒட்டி, விட்டன்பெர்க் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் மூக்குச் சளி மூக்கின் உட்சவ்விலேயே உண்டாகிறது என்று மெய்ப்பித்தார். பின்னர் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் லோயர், மூளைக்குள் ஊற்றிய நீர் மூக்குக்கு வருவதற்கு வழியே இல்லை என்று காட்டினார். கொள்கை அன்றே மாண்டது. 1778-இல் சோமரிங் என்னும் செருமானிய அறிஞர் ‘அடியில் வளர்ந்தது’ எனப் பொருள்படும் ஹைப்போஃபிசிஸ் என்னும் கிரேக்கப் பெயரை முன்வைத்தார். மருத்துவர் அதனையும் வழங்குகின்றனர். எனினும் பழைய பெயர் போகவில்லை. அதற்கும் பின்னர், தமிழில் கலைச்சொல் தேடியோர் இலத்தீன் வேரைத் தோண்டிக் கபம் என்று பெயர்த்தனர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆனால் வேரிலேயே புழு இருந்தது. ஐரோப்பாவில் மாண்டுபோன கொள்கை தமிழில் மறுபிறவி எடுத்துவிட்டது. மூளையடிச் சுரப்பி என்பதே பொருத்தம் என்பது எம் கருத்து. இவ்வுரையில் இனி அப்பெயரையே ஆள்வோம்.

பெயர் பிழையானால் சுரப்பி வருந்துவதில்லை, மனிதர் வருந்துவர். ஊரார் நமக்கு இட்ட பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று பதிய வேண்டுமென எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததும், 1922-இல் அது அரசாணையானதும் இவ்வவை அறிந்ததே. அரசாணையால் ஏடு மாறியது. ஊர் வாயில் அப்பெயர் மாற எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை முதியோரைக் கேளுங்கள்.

உயர்ந்த இருக்கையில் வாசிப்பவரும் கீழே அறுப்பவருமாகப் பிரிந்து நின்ற அந்த மண்டபத்தை மறந்துவிடாதீர்கள். நம் நாட்டில் அம்மண்டபம் ஊரளவு பெரிதாக இருந்தது. இறந்த உடலை நீரில் ஊறவைத்து உறுப்புகளைக் கண்டறிய வேண்டுமென்று சுசுருதர் பெயரால் வழங்கும் பழநூலே கூறுகிறது. பின்வந்த காலத்தில் பிணத்தைத் தொடுதல் தீட்டு என்னும் தடை வலுத்தது. கற்றவர் கை அங்கே போகவில்லை. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டித மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்தது வரலாற்று நிகழ்ச்சியாகப் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதே. ஆனால் அதே காலத்தில், இறந்ததைத் தொடாமல் வாழ முடியாத மக்களும் இந்நாட்டில் இருந்தனர். பிணம் சுமந்தோரும், குழி வெட்டியோரும், செத்த மாட்டை ஊர்ப்புறத்துக்கு இழுத்துச் சென்று தோலுரித்தோரும் அவர்களே. அவர்கள் தொட்டதை எவரும் வரலாறு என்று எழுதவில்லை. அவர்களுக்கோ எழுத்து மறுக்கப்பட்டிருந்தது.

அக்கைகள் அறிந்திருந்த ஒன்றை இப்போது கூறுவோம். சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு ஊர்ப்புறங்களில் மாடு வளர்த்தோர்க்கு இது புதிதன்று. ஈன்ற மாட்டின் கன்று இறந்துவிட்டால் மாடு பால் இறக்காது. மடி கனத்திருக்கும், காம்பில் பால் வராது. அப்போது இறந்த கன்றின் தோலை உரித்து, உப்பிட்டு உலர்த்தி, வைக்கோல் திணித்துத் தைத்துத் தாயின் முன்னே நிறுத்துவர். மாடு அதனை முகரும், நக்கும். சிறிது நேரத்தில் மடி விம்மும், பால் இறங்கும். இதற்குத் தோற்கன்று என்று பெயர். தமிழில் பழைய சொல். அத்தோலை உரித்த கையும் தைத்த கையும் பெரும்பாலும் நம்மவர் கைகளே. கறந்த பால் எவர் வீட்டுக்குச் சென்றது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நடந்தது யாது? கன்றின் வடிவும் மணமும் மாட்டின் மூளைக்குச் செல்கின்றன. மூளை தன் அடியில் தொங்கும் சுரப்பியின் பின்மடலுக்குக் குறிப்பனுப்புகிறது. பின்மடல் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரை இரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்து, பாற்பைகளைச் சூழ்ந்த நுண்தசைகளை இறுக்கிப் பாலை வெளித்தள்ளுகிறது. இத்தனையும் ஏறத்தாழ ஒரு நிமிட வேலை. 1910-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இப்பின்மடலின் சாற்றை வெள்ளாட்டுக்கு ஊசி வழியே செலுத்தியபோது பால் பெருகி வந்ததைக் கண்டனர். 1941-இல் வேறு இருவர், கறக்கும் நேரத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்து மாட்டை மிரட்டிப் பார்த்தனர், பால் நின்றுபோயிற்று. அடித்துக் கறந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்று நம் ஊரில் எந்தச் சிறுவனும் சொல்லியிருப்பான்.

இதனைப் பழம்பெருமையாக நாம் கூறவில்லை. தோலுரித்தல் நம் முன்னோர் விரும்பித் தேர்ந்த தொழிலன்று, அவர்மீது சுமத்தப்பட்டது. தோற்கன்றைத் தைத்தவருக்குச் சுரப்பியும் தெரியாது, இயக்குநீரும் தெரியாது. ஆனால் தோற்கன்றைக் கண்டு பால் ஏன் இறங்குகிறது என்னும் கேள்வி அவர் கைக்கு அருகிலேயே கிடந்தது. அதை எடுத்து எழுதி, அடுத்தவர்க்கு அனுப்பி, சரிபார்க்கும் வழிதான் அடைக்கப்பட்டிருந்தது. எத்தனை கேள்விகள் அவ்வாறு புதைந்தன என்பதற்குக் கணக்கே இல்லை.

இனி, இச்சுரப்பியின் மற்றப் பணிகளை விரைந்து சொல்லிவிடுவோம். இது இரு மடல்கள் கூடியது. பின்மடல் கருவில் மூளையிலிருந்தே முளைப்பது; முன்மடல் வாயின் மேற்கூரையிலிருந்து எழுந்து வந்து அதனோடு ஒட்டிக்கொள்வது. பின்மடல் ஆக்சிடோசினையும் சிறுநீரை அளவுக்குள் நிறுத்தும் நீரையும் விடுகிறது. முன்மடல் வளர்ச்சியையும், பால் சுரப்பையும், கழுத்திலுள்ள தைராய்டையும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினலையும், ஆண் பெண் இன உறுப்புகளையும் ஆள்கிறது. வளர்ச்சிநீர் மிகுந்தால் கையும் காலும் தாடையும் பெருக்கும் நோய் வரும். 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ அதனை விளக்கிப் பெயரிட்டார். முன்னாளில் இதனைத் தலைமைச் சுரப்பி என்று கொண்டாடினர். அது பாதி உண்மையே. பழைய நாளைய மணியக்காரர் ஊரை ஆண்டது போல இது உடலை ஆள்கிறது. ஆனால் மணியக்காரருக்கு மேல் தாசில்தார் உண்டல்லவா? மேலே மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியே தாசில்தார். அங்கிருந்து வரும் ஆணைநீர்களைக் கண்டறிந்த கியமன், ஷாலி இருவரும் 1977-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதெல்லாம் மருத்துவமனைச் செய்தி என்று எண்ணாதீர்கள். இரவில் நாமக்கல் சாலையில் செல்வோர் கோழிப் பண்ணைகளில் விளக்கெரிவதைக் கண்டிருப்பீர்கள். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு முட்டையே அடையாளம். அவ்விளக்கு கோழி தீவனம் தின்பதற்கு மட்டுமன்று. பறவையின் மண்டையோட்டையும் ஊடுருவிச் செல்லும் ஒளி மூளையைத் தூண்டுகிறது. மூளை அடியிலுள்ள சுரப்பியைத் தூண்டுகிறது. சுரப்பியின் நீர் சூலகத்தைத் தூண்டி முட்டையை உருவாக்குகிறது. கண் இழந்த வாத்தும் ஒளிக்கு இவ்வாறே இணங்குவதை 1930-களில் பிரான்சு நாட்டு பெனுவா காட்டினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேர ஒளி கிடைக்குமாறு பண்ணையார் கணக்கிடுவது இதனாலேயே. அப்பண்ணைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கூலி வேலை செய்கின்றனர். அவர்கள் போடும் விளக்கின் சுவிட்ச் எதை இயக்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டாவா?

மீனுக்கும் இதே கதை. கெண்டை இனப் பெருமீன்கள் குளத்து நீரில் முட்டையிடா. அதனால் முன்பு ஆற்று வெள்ளத்தில் அரித்தெடுத்த குஞ்சுகளையே நம்பி இருந்தனர். 1957 சூலை 10-ஆம் நாள், ஒரிசாவில், ஹீராலால் சௌதுரியும் அவர்தம் குழுவினரும் முதிர்ந்த மீனின் தலையிலிருந்து இச்சுரப்பியை எடுத்து, அரைத்து, சாற்றை வேறொரு மீனுக்கு ஊசி வழியே செலுத்தி, குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அந்நாள் இப்போது தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இன்று ஆய்வுக்கூடத்தில் செய்த இயக்குநீரே பெரும்பாலும் பயன்படுகிறது. மேட்டூர் அணை நீரில் கட்லாவும் ரோகுவும் பிடிபடுவதற்கு இவ்வாறான குஞ்சுப் பெருக்கமே அடிப்படை. மீன்கடையில் எறியும் தலைக்குள் ஒரு தொழிலே ஒளிந்திருந்தது.

தாய்மார்களே, இப்பொழுது கூறப்போவது உங்களுக்காக. இவ்வுரையை எடுத்துக்கொண்டதற்கே இதுதான் காரணம்.

பெண் கருவுற்றிருக்கையில் இச்சுரப்பி பருக்கிறது. பால் சுரப்புக்கு ஆயத்தமாகிறது. அதற்கேற்ப இரத்தமும் மிகுதியாக வேண்டும். ஆனால் முன்மடலுக்கு இரத்தம் வருவது காம்பின் வழியே இறங்கும் அழுத்தம் குறைந்த நாளங்களில். பிள்ளைப்பேற்றின்போது அளவுகடந்து உதிரம் போய்த் தாய் மயங்கி வீழ்ந்தால், அந்நாளங்களில் இரத்தம் நின்று முன்மடல் கருகிவிடும். தாய் பிழைத்துக்கொள்வாள், சுரப்பி பிழைக்காது. 1937-இல் ஹெரால்ட் ஷீஹன் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் இதனை விளக்கினார். நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

முதற்குறி, பால் ஊறாமை. பின்னர் மாதவிலக்கு திரும்புவதில்லை. அக்குள் முடி உதிர்ந்து மீண்டும் முளைப்பதில்லை. உடல் வெளிறும், குளிர் தாங்காது, எழுந்து நின்றால் கண் இருளும், சிறு வேலைக்கும் சோர்வு மேலிடும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு இப்படியே கழியும். ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் திடீரென நினைவிழந்து உயிரே போகவும் கூடும். நம் ஊர்களில் இத்தகைய பெண்ணுக்கு என்னென்ன பெயர்கள் கிடைத்தன? சோம்பேறி என்றனர். பால் இல்லாத பாவி என்றனர். காற்றுக் கருப்பு அடித்தவள் என்று கோடாங்கியிடம் அழைத்துச் சென்றனர். தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்து வேறு மணம் முடித்தோரும் உண்டு. சுரப்பிக்கு இட்டது போன்றே, பார்க்காமல் இட்ட பெயர்கள். மிகுதியாக உதிரம் போனவளுக்குப் பால் ஊறாது என்று பேறு பார்த்த மூதாட்டியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஷீஹன் எழுதியதன் முதல் வரி அவர்கள் வாயில் இருந்தது.

இது எங்கோ அரிதாக வரும் நோய் என்று தள்ளிவிடலாகாது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு, பிள்ளை பெற்ற, 20 வயதைக் கடந்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரிடம் இதனைக் கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் வீட்டிலேயே பெற்றவர்கள். மருத்துவமனைப் பேறு பெருகிய நம் மாவட்டங்களில் புதிதாக வருவது குறைந்திருக்கும் என்று கொள்ளலாம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டிலும் களத்து மேட்டிலும் பெற்றவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். சோர்வெல்லாம் இந்நோயன்று, இரத்தச் சோகையே மிகுதியான காரணம். எனினும் பேற்றில் உதிரம் மிகப் போய், பாலும் வராமல், விலக்கும் வராமல் போன வரலாறு உடையவர் அதனை மருத்துவரிடம் சொற்குறையாமல் கூற வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். மருந்து அறுவையன்று, ஊசியுமன்று. நாள்தோறும் விழுங்கும் விலை குறைந்த மாத்திரைகள். அட்ரினல் நீருக்கு ஈடான மாத்திரையை முதலில் தொடங்கி, தைராய்டு மாத்திரையை அதன்பின் தரவேண்டும்; முறை மாறினால் ஆபத்து. ஆதலால் கடையில் தாமே வாங்குதல் கூடாது.

வராமல் காக்கவும் வழியுண்டு. குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 அலகு ஆக்சிடோசின் ஊசி போட்டால் கருப்பை இறுகி உதிரம் நிற்கும். தோற்கன்றைக் கண்ட மாட்டின் மடியில் வேலை செய்த அதே நீர். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டி, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியின் நீரே சுரப்பியைக் காக்கிறது. ஆனால் பிள்ளை பிறக்கும் முன்னரே ‘வலி வர’ என்று தகுதியற்றவர் இவ்வூசியைக் கண்டபடி போடுவதும் உண்டு. கருப்பை கிழிந்து தாய் மாள்வதும் அதனாலேயே நேரும். இம்மருந்தைக் குளிர்ப்பெட்டியில், 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்திருத்தல் வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வலுவிழக்கும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘ஊசி குளிர்ப்பெட்டியில் உள்ளதா, மின்சாரம் போனால் என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. மேடையின் இடப்புறத்து மேசைமேல் ஓர் ஆட்டுத் தலை இருக்கிறது. மண்டையோட்டை முன்பே திறந்துவைத்திருக்கிறோம். மூளையை அவசரமாகத் தூக்கினால் காம்பு அறுந்து சுரப்பி எலும்புக் குழியிலேயே தங்கிவிடும். ஆதலால் மெல்லத் தூக்கி, சேணக் குழியின் மேல்சவ்வைக் கீறிப் பார்க்க வேண்டும். ஆட்டுக்கு அந்த நாள வலையும் உண்டு. கேலன் கண்டது அதைத்தான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவ மாணவியர் பாடநூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஐவர் ஐவராக வரவும். முதலில் மாணவியர் வரட்டும். கத்தி ஒன்றே உள்ளது, முறை வைத்துக்கொள்ளுங்கள்.